இடுப்பு வாரில் ஒரு சின்னத் துவக்கு

அன்பு மகனுக்கு உன் சாச்சா எழுதிக்கொள்வது. முதலில் ஸலாம். இங்கே பள்ளிவாசல்துறையில் என் வலது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். எத்தாளையில் நீயும் உன் பெண்சாதி நிஸாவும் சுகமாக இருக்கத் துஆச் செய்கிறேன். சட்டைப்பையில் ஃபோனை வைத்துக்கொண்டு இந்த மனிதன் ஏன் பேனை தேடி, கொப்பித் தாள் கிழித்து எழுதுகிறான் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொண்டே வாசி. அதன் காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். நான் உன்னைப் பெற்றவன் இல்லை, பெற்றவரின் தம்பி. ஆனால் உன் வாப்பா மவுத்தான பிறகு என் சைக்கிள் பாரில் இருந்துதான் நீ பள்ளிக்கூடம் போனாய். உன் கலியாணச் சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் நின்று புகை குடித்ததும் நான்தான். ஆகவே மகன் என்று கூப்பிட எனக்கு உரிமை உண்டு. படிப்பைப் பற்றிக் கேட்டால், ஐந்தாம் வகுப்புவரை. அந்த ஐந்தை இரண்டு தரம் படித்ததால் ஆறு என்றே வைத்துக்கொள்ளலாம்.

போன கிழமை நீ மூன்று படங்கள் அனுப்பியிருந்தாய். மூன்றும் சின்னப் பிஸ்டல்கள். லைசன் கிடைத்துவிட்டது, தினமும் உடுப்புக்குள் வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள எது நல்லது, சாச்சா சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். கேட்க வேண்டிய ஆளிடம்தான் கேட்டாய். இந்தக் கரையில் கற்பிட்டியிலிருந்து சிலாபம்வரை துவக்கு என்றால் முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள். கடற்படை ஒஃபிசர் ஒருவர் தன் இடுப்பில் இருந்ததைக் கழற்றி என் கையில் தந்து, இதில் என்ன பிழை என்று கேட்டிருக்கிறார். ஒரு பிழையும் இல்லை, வைத்திருப்பவரில்தான் பிழை என்று சொல்லிக் கொடுத்தேன். கண்டக்குழியில் தென்னை உச்சியில் இருந்த காகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்ட கதை உனக்குத் தெரியும். அந்தக் காகம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அது வேறு காகம்.

என்னத்துக்குத் துவக்கு என்பதையும் நீ எழுதியிருந்தாய். அந்தியில், மஃரிப் நேரத்தில் பண்ணை வேலிக்கு வெளியே நின்று யாரோ உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்த்தால் ஆளில்லை, இறால் திருட வருகிறவர்கள் வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் போல என்றாய். அதற்குக் கீழே, "இனிமே ரெண்டு தரம் ஆரதெண்டு கேப்பன். பதில் வராட்டி வெடி வெச்சிருவன்" என்று எழுதியிருந்தாய். பிஸ்டலின் படங்களைப் பார்த்ததைவிட அந்த ஒரு வரியைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீ கேட்டதற்கு முதலில் பதில் சொல்லாவிட்டால், சாச்சாவுக்கு ஒன்றும் தெரியாது, கதையை மாற்றுகிறார் என்பாய். ஆகவே படங்களுக்கு வருகிறேன்.

முதலாவது படத்தில் இருப்பது தீப்பெட்டிக்கு உறவுக்காரன் மாதிரி. அதைக் கையில் வைத்து விரலை மூடினால் வெறுங்கை போலத்தான் தெரியும். நீ அதற்கு ஆசைப்பட்டிருப்பாய், எல்லோரும் முதலில் ஆசைப்படுவது அதற்குத்தான். ஆனால் அதன் பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம், சுண்டுவிரல் அந்தரத்தில் நிற்கும். பாரம் இல்லாத துவக்குத்தான் கையில் அதிகம் துள்ளும். சின்னது என்றால் சுலபம் என்று கடைக்காரன் சொல்வான், அது விற்கிறவனின் கதை. குழலும் கட்டை, குறிபார்க்கும் குமிழும் மிளகு அளவு. கதிரையில் இருந்து மேசையில் உள்ள தேத்தண்ணிக் கோப்பையைச் சுட அது போதும், அதற்கு மேல் சந்தேகம். மூன்றாவது படத்தில் இருக்கும் கட்டை ரிவோல்வர் நல்ல சாமான். இறுகாது, சிக்காது, எத்தனை நாள் கழித்து எடுத்தாலும் வேலை செய்யும். ஆனால் ரவை போடும் உருளை வயிறு தள்ளி நிற்கிறது. நீ என்ன உடுத்தாலும் சோற்றுப் பார்சல் ஒன்றை ஒளித்து வைத்தவன் போல இருப்பாய். போதாததற்குப் பின்னால் ரவையை அடிக்கிற அந்தச் சுத்தி கொக்கி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. அவசரத்தில் இழுத்தால் துணியில் மாட்டும், சட்டைப்பையும் சேர்ந்து வெளியே வரும்.

நடுவில் உள்ளதுதான் ஆள். தட்டையாக இருக்கிறது, சுத்தி உள்ளுக்குள் மறைந்திருக்கிறது, மூன்று விரல் பிடிக்க இடம் உண்டு. பாரம் ஒரு றாத்தல் பாண் அளவுதான் இருக்கும். விசையை நீளமாகவும் கடினமாகவும் இழுக்க வேண்டும் என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது. அதைக் குறை என்று நினைக்காதே. உடம்போடு அணைத்துக்கொண்டு திரிகிற சாமானுக்கு விசை கடினமாக இருப்பதே நல்லது. இடையில் யோசிக்க ஒரு மூச்சு கிடைக்கும். தோலில் ஒரு உறை தைத்து, விசையை முழுதாக மூடும்படி வைத்துக்கொள். கிழமைக்கு ஒரு தரம் வெளியில் எடுத்துத் துடை. நம்முடைய காற்று கதவுப் பிணைச்சலையே தின்னும், அந்தச் சின்ன இரும்பை விட்டுவைக்குமா. தேங்காய் எண்ணெய் மட்டும் பூசிவிடாதே. அது பிசின் மாதிரி இறுகி, மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இன்னொன்று, நீ டவுனுக்குக் காற்சட்டை போட்டுப் போனாலும் பண்ணையில் சாரன்தான் உடுப்பாய். சாரனுக்கு வார்தான் சரி, நம் ஆட்கள் கட்டும் அகலப் பச்சை வார். அதில் பொத்தான் வைத்த பை இருக்கிறதே, அதில் இது அளவாக உட்காரும்.

எல்லாவற்றிலும் பெரிய சட்டம் இதுதான். துவக்கு இருக்கும் பையில் வேறு ஒன்றும் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, பாக்கு, பீடி ஒன்றும் கூடாது. இது புத்தகத்தில் உள்ள சட்டம், யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். ஆனால் இந்த ஒன்றை எழுதும்போது மட்டும் என் கை கொஞ்சம் நிற்கிறது. ஏனென்றால் ஒருவர் இந்தச் சட்டத்தை மீறியதால்தான் நான் இன்றைக்கு உயிரோடிருந்து உனக்கு இதை எழுதுகிறேன்.

அவர் யார் என்று உனக்குத் தெரியும், ஹாஜியார். நீ இப்போது குத்தகைக்கு எடுத்திருக்கும் இறால் தொட்டிகளை வெட்டியவர். அவரிடம் நான் லொறி ஓட்டினேன், கணக்குப் பார்த்தேன், காவலும் பார்த்தேன், பண்ணையையே நான்தான் நடத்தினேன் என்று சொன்னாலும் தப்பில்லை. கண்டக்குழியிலிருந்து ஒரு தரம் நான் போட் ஓட்டிக்கொண்டு வந்ததால் அவர் எனக்குக் கப்டன் என்று பேர் வைத்தார். வெற்றிலையை அடக்கிக்கொண்டால் அவர் வாயில் கப்டன் என்பது "கப்பன்" என்றுதான் வரும். அவரிடமும் ஒரு சின்னப் பிஸ்டல் இருந்தது, லைசன் உள்ளது, சுத்தி வெளியே தெரிகிற பழைய மாதிரி. அதைப் பச்சை வாரில் சாவிக்கொத்தோடும் பாக்குச் சீவலோடும் ஒரே பையில் போட்டு வைத்திருப்பார். பள்ளியில் தொழுகையில் அவர் சுஜூதுக்குக் குனியும்போது வாருக்குள் இரும்பும் இரும்பும் பட்டு டிக் என்று ஒரு சத்தம் வரும். பக்கத்தில் தொழுகிறவன் ஓதிக்கொண்டிருந்ததை மறந்துவிடுவான்.

ஹாஜியார் என்னைச் சுட்ட கதையை நீ என் மடியில் இருந்த காலத்திலிருந்து கேட்டிருக்கிறாய். இருட்டில் கள்ளன் என்று நினைத்துச் சுட்டார், ரவை என் தொப்பியைத் துளைத்துக்கொண்டு போனது, நான் அசையாமல் நின்று "கொஞ்சம் கீழ பிடிங்க ஹாஜியார்" என்று சொன்னேன். அந்தத் தொப்பியின் ஓட்டையில் நீ விரலை விட்டுப் பார்த்திருக்கிறாய். கண்டக்குழிக்கு வந்த வெள்ளைக்காரர்களுக்குக்கூட அதைக் காட்டியிருக்கிறேன், ஒருவர் படம் எடுத்துக்கொண்டு போனார். மகன், அந்த ஓட்டை கரப்பான் தின்றது. ரவை வரவே இல்லை. தேத்தண்ணிக் கடையில் சொல்வதற்கு ரவை வந்த கதைதான் வசதி, வராத கதையைச் சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்தி நேரத்தில் பேர் சொல்லி யாராவது கூப்பிட்டாலோ ஆரது என்று கேட்டாலோ முதல் இரண்டு தரத்துக்கும் பதில் சொல்லக் கூடாது, மூன்றாவது தரம் கூப்பிட்டால்தான் ஓம் என்று சொல்ல வேண்டும். உம்மா எங்களுக்குச் சொல்லித் தந்தது இது. உனக்கும் நான்தான் சொல்லித் தந்தேன். நீ பட்டணத்தில் படித்ததில் மறந்திருப்பாய். மனிதன் என்றால் வேலை இருக்கும், மூன்றாம் தரமும் கூப்பிடுவான், மற்றது இரண்டோடு நிறுத்திக்கொள்ளும் என்பது எங்கள் கணக்கு. நம் ஆட்கள் மட்டுமில்லை, கரையில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்களும் அப்படித்தான். ஏன் என்று கேட்டால் யாரும் சரியாகச் சொல்ல மாட்டார்கள். சொல்லாமலே செய்வார்கள்.

அன்றைக்குக் கரண்ட் இல்லை. தொட்டிகளில் தண்ணீரைக் கலக்கும் சக்கரங்கள் எல்லாம் நின்றிருந்தன. சக்கரம் நின்றால் பண்ணை எப்படி அமைதியாகும் என்று நீ இப்போது அறிவாய், இறால் துள்ளி விழுகிற சத்தம்கூடத் தெளிவாகக் கேட்கும். அன்றைக்கு இறாலும் துள்ளவில்லை. மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது, களப்புத் தண்ணீர்ப் பக்கம் செம்மை கறுத்துக்கொண்டிருந்தது. கள்ள வலை போடுகிறார்கள் என்று ஹாஜியார் அந்த நாட்களில் கொதித்துக்கொண்டிருந்ததால், நான் பெரிய தொட்டியின் மதகடியில் போய் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதிரே அகலமான தண்ணீர், அதற்கு அப்பால் எதிர்க் கரை, அதற்கும் அப்பால் கண்டல் மரப் பற்றை. அங்கிருந்து ஹாஜியார் கூப்பிட்டார்.

"கப்பன்."

சத்தம் போடவில்லை. பக்கத்தில் உள்ளவனைக் கூப்பிடுகிற குரல்தான், ஆனால் தண்ணீருக்கு மேலால் வந்தது. எதிர்க் கரையைப் பார்த்தேன், ஆளில்லை. வாயில் வெற்றிலை இருக்கிறது, பற்றைக்குள் நிற்கிறார் போல என்று நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை, பழக்கம் அப்படி. கொஞ்ச நேரம் போனது.

"கப்பன்."

இரண்டாவது தரம் அதே அளவில், அதே இடத்திலிருந்து வந்தது. கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் மனிதக் குரல் கொஞ்சம் கூடும் இல்லையா, கோபம் ஏறும். இதில் ஒன்றும் ஏறவில்லை. முதல் தரம் சொன்னதை எடுத்து அப்படியே திரும்ப வைத்த மாதிரி இருந்தது. மூன்றாவது வரட்டும் என்று நின்றேன். மூன்றாவது வரவில்லை. அதற்குப் பதிலாக என் முதுகுக்குப் பின்னால் சின்னதாக ஒரு சத்தம், கொட்டைப்பாக்கைப் பாக்குவெட்டியில் வைத்து நெரிப்பது போல.

திரும்பினேன். ஹாஜியார் நிற்கிறார். மதகிலிருந்து நீ துப்பினால் எச்சில் போய் விழும் தூரம். கையில் பிஸ்டல், அதன் வாய் என் நெஞ்சுக்கு நேராக. விரல் விசையை முழுதாக இழுத்து முடித்திருந்தது. பிறகு இரண்டு பேரும் பார்த்தோம். சுத்திக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு பாக்குச் சீவல் நுழைந்து, சுத்தி அதைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தது.

"டேய், நீயா?" என்றார்.

"நான்தான் ஹாஜியார்."

"ரெண்டு தரம் கேட்டனே, ஆரதெண்டு. வாய்க்குள்ள என்ன, கொழுக்கட்டையா?"

"நீங்க அப்பிடிக் கேக்கல்லயே. அந்தக் கரையில நிண்டு என்னையக் கூப்பிட்டீங்க. அதான் மூணாவது தரம் வரட்டுமெண்டு நிண்டன்."

"நான் என்னத்துக்கு அந்தக் கரைக்குப் போறன்? குடில்ல இருந்து நேரா இங்கதான் வாறன். இதுல நிண்டுதான் கேட்டன். ரெண்டு தரம்."

அவர் இரண்டு தரம் கேட்டது உண்மை. நான் இரண்டு தரம் கேட்டதும் உண்மை. அவர் என் முதுகுக்குப் பின்னால் நின்று "ஆரது" என்று சொன்ன அதே நேரத்தில் எனக்குத் தண்ணீருக்கு அப்பாலிருந்து என் பேர் கேட்டிருக்கிறது. என்னிடம் பேசிய குரல் அவருடையது, பேசிய இடம் அவருடையது இல்லை. இதை எப்படிச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் வாய் மூடியிருந்தது. கன்னத்தில் அடக்கிய வெற்றிலைகூட அசையவில்லை. அப்போது எதிர்க் கரையிலிருந்து வந்தது.

"கப்பன்."

மூன்றாவது தரம். ஹாஜியாருடைய குரலில், ஹாஜியாரும் கேட்கும்படி. தன் குரலைத் தண்ணீருக்கு அப்பாலிருந்து கேட்கிற மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதத் தெரியாது. ஆறு வகுப்பும் அதற்குப் போதாது. அவர் என் கையைப் பிடித்தார், நான் அவர் கையைப் பிடித்தேன். திரும்பிப் பார்க்காமல் வரம்போரமாக நடந்து குடிலுக்கு வந்து, கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு விட்டோம். கரண்ட் வந்து சக்கரங்கள் சுற்றத் தொடங்கியதும் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "உம்மாமார் சொன்னது சரிதான். ஆனா அதுக்கு மூணு எண்ணத் தெரியாதெண்டு சொன்னது பிழை" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

அடுத்த நாள் காலையில் நான்தான் லொறியில் அவரைப் பொலிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பிஸ்டலை மேசையில் வைத்தார். பாக்குச் சீவல் அப்படியே இருந்தது, அதை எடுக்க அவர் விடவில்லை. பொறுப்பதிகாரி சிங்களத்திலும் தமிழிலும் கலந்து, "என்ன ஹாஜியார், கள்ளன்மார் எல்லாம் இவரயிதா?" என்று சிரித்தார். "கள்ளன்மார் முடியல்ல மாத்தயா. இது என்ட இடுப்பில இரிந்தா நான் கள்ளனைச் சுட மாட்டன், என்ட ஆக்களத்தான் சுடுவன்" என்றார் ஹாஜியார். அதை எழுதிக்கொள்ளத் தெரியாமல் அந்த மனிதர் பேனையை உருட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது விளங்குகிறதா மகன், உன்னுடைய அந்த ஒரு வரி ஏன் என் தூக்கத்தைக் கெடுத்தது என்று. நீ இரண்டு தரம் கேட்டுவிட்டுச் சுடுவேன் என்கிறாய். இந்தக் கரையில் பிறந்த எவனும் இரண்டு தரத்துக்குப் பதில் சொல்ல மாட்டான். பதில் சொல்லாமல் நிற்கிறவன் கள்ளன் என்று நீ நினைக்கிறாய். கள்ளன்தான் உடனே பதில் சொல்வான், வாயில் பொய்யைத் தயாராக வைத்துக்கொண்டு வருகிறவன் அவன். பேசாமல் நிற்கிறவன் நல்ல மனிதன். மாலையில் உன் வேலியோரமாக யார் வருகிறார்கள்? சூசை அண்ணன் வருகிறார், நிஸாவுக்கு மீன் கொண்டு. வாயும் வயிறுமாக இருக்கிற பிள்ளைக்கு நல்ல மீனாகப் பார்த்து எடுத்து வைத்துக்கொண்டு, வலை வேலை முடிந்த பிறகுதான் அவருக்கு வர முடிகிறது. அவர் வருகிற நேரம் மஃரிப் நேரம். நீ "ஆரது" என்று கேட்டால் அவர் மீன் கோர்வையைக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்றாவது வரட்டும் என்று பேசாமல் நிற்பார். ஆரது என்று கேட்பதற்குப் பதிலாக ஸலாம் சொல்லிப் பார்ப்போம், ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் யாரும் நிற்க மாட்டார்களே என்று எனக்கும் யோசனை வந்தது. கத்தோலிக்கரான சூசை அண்ணனுக்கு அது கடமை இல்லை. ஜின்களிலும் ஸலாம் சொல்கிறவை உண்டு என்று மௌலவி சொன்னார். ஆகவே அந்த யோசனை சரிவரவில்லை.

இனி, நான் சொல்ல விரும்பாததைச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் நீ ஃபோன் எடுத்தாய். நான் தேத்தண்ணிக் கடையில் இருந்தேன், நாலு பேர் சுற்றி இருந்தார்கள். எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"சாச்சா, நேத்து மஃரிபுக்கு இங்க வந்தீங்களா?" என்று கேட்டாய்.

"வந்தன், பார்த்தன், போனன். காத்து மாதிரி வருவன், காத்து மாதிரிப் போவன். உன்ட சாச்சாவுக்கு வயசு போயிட்டெண்டு நெனச்சியா?" என்று நான் சொன்னேன். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். முழங்கால் வீங்கி நாலு நாளாக வீட்டுக்கும் அந்தக் கடைக்கும் நடுவில்தான் நான் நொண்டுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியும், அதுதான் சிரித்தார்கள். உனக்கு அது தெரியாது.

"அப்ப ஏன் உள்ளுக்கு வரல்ல? ரெண்டு தரம் என்ட பேரக் கூப்பிட்டீங்க, நான் டோர்ச் எடுத்துட்டு வாறத்துக்குள்ள ஆளக் காணல்ல. நிஸா பயந்திட்டா" என்றாய்.

"அவசர வேலை மகன்" என்று சொல்லி ஃபோனை வைத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன். மகன், நான் வரவில்லை. திங்கட்கிழமையும் வரவில்லை, அதற்கு முந்திய நாளும் வரவில்லை. உன் வேலிக்கு வெளியே நின்று என் குரலில் உன்னைக் கூப்பிட்டது நான் இல்லை. அதில் எனக்கு வேறொரு பயமும் உண்டு. இனி அந்தக் குரல் கேட்டால், சாச்சாதான், முழங்காலோடு கஷ்டப்பட்டு நிற்கிறார் என்று நீ கதவைத் திறந்துகொண்டு தண்ணீர்ப் பக்கம் போவாய். நான் ஆசைக்குச் சொன்ன ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு போவாய்.

ஆகவே நான் சொல்வதைச் செய். நடுப்படத்தில் உள்ள பிஸ்டலை வாங்குவதென்றால் வாங்கு, லைசன் எடுத்தவன் நீ, உன் தலைக்கு மேல் நான் நிற்க முடியாது. தனி உறை, தனிப் பை, அந்தச் சட்டத்தில் மாற்றம் இல்லை. உன்னைக் காப்பாற்ற உன் வாரில் பாக்குச் சீவல் இருக்காது, ஆகவே நீதான் உன்னைக் காப்பாற்ற வேண்டும். மஃரிப் நேரத்தில் அதைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டு. வேலியில் ஆள் தெரிந்தால் மூன்று தரம் கேள். மூன்றாவது தரம் கேட்டுவிட்டு, அதற்குப் பிறகும் ஒரு நல்ல மூச்சு பொறு. சூசை அண்ணன் என்றால் அதற்குள் "நான்தான் தம்பி, மீன்" என்று சொல்லிவிடுவார். நான் எண்ணச் சொல்வது நீ ஆரது என்று கேட்பதை. உன்னைக் கூப்பிடுவதை எண்ணாதே. ஒன்றோ, இரண்டோ, மூன்றோ, வெளியே போகாதே. அதற்கும் மூன்று எண்ணத் தெரியும்.

நானும் இனி உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வர மாட்டேன். முழங்கால் சரியானதும் பகல் பஸ்ஸில் வருவேன், வெயில் தலைக்கு மேல் நிற்கும்போது வந்து இறங்குவேன். பண்ணைக் கேட்டடியில் வாயைத் திறக்காமல் செருப்பைக் கழற்றித் தகரத்தில் தட்டுவேன். நிஸாவுக்கு அது விளங்கும்படி சொல்லி வை. அவளிடம் மற்றதைச் சொல்லாதே, பிள்ளை பிறக்கிற காலம்.

கடைசியில் சொல்கிறேன் என்ற காரணம் இதுதான். இதையெல்லாம் ஃபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் உனக்கு வருவது என் குரல் மட்டும்தானே. உன் வேலிக்கு வெளியே நிற்பதற்கும் அதே குரல்தான் இருக்கிறது. எது எங்கே இருந்து பேசுகிறது என்று நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்? என் கையெழுத்து அப்படியில்லை. கோழி கிளறிய மாதிரி, வரி சரிந்து, எழுத்துப்பிழையோடு, இந்த "ழ"வின் வாலை இடப்பக்கம் இழுத்து எழுதுகிறேனே, ஐந்தாம் வகுப்பில் இரண்டு வருஷமும் அதற்காக அடி வாங்கியும் திருத்தவில்லை, அப்படி எழுத இந்தக் கரையில் வேறு யாராலும் முடியாது. உயிருள்ளவனாலும் முடியாது, மற்றதாலும் முடியாது. ஆகவே இந்தத் தாளை லைசனோடு சேர்த்து வைத்துக்கொள். ஒரு நாள் ஃபோனில் என் குரல் வந்து, சிரித்துக்கொண்டு, "மகன், அந்தக் கடிதம் சும்மா பகிடிக்கு எழுதினது, ரெண்டு தரம் கேட்டாப் போதும், அதக் கிழிச்சுப் போடு" என்று சொன்னால் கிழிக்காதே.

இப்படிக்கு,
வாலை இடப்பக்கம் இழுக்கிற உன் சாச்சா